சதுரங்கச் சிறார்களின் வருங்காலத்தைக் கணித்தல்: பாடி, முகப்பேர், அயனம்பாக்கம் தரும் பாடம்

ஒரு விளையாட்டில் இளம் வயதிலேயே சிறந்து விளங்கும் சிறுவனோ சிறுமியோ, வளர்ந்தபின் அதையே வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ளும் அளவுக்கு உயர்வாரா என்று முன்கூட்டியே மதிப்பிடுவதைத் திறன் கணிப்பு எனலாம். கனடா போன்ற குளிர்நாடுகளில் பனி ஹாக்கி விளையாட்டுக்கு இக்கணிப்பு ஒரு தனித் தொழிலாகவே நடக்கிறது. தமிழ்நாட்டில் இதற்கு நெருங்கிய எடுத்துக்காட்டு சதுரங்கம். அதிலும் சென்னையின் மேற்குப் பகுதி, அதாவது அம்பத்தூரை ஒட்டிய பாடி, முகப்பேர், மேல் அயனம்பாக்கம் ஆகிய இடங்கள், கடந்த சில ஆண்டுகளில் உலகச் சதுரங்க வரலாற்றிலேயே இடம்பெற்றுவிட்டன. பாடியில் வளர்ந்த வைஷாலியும் பிரக்ஞானந்தாவும், மேல் அயனம்பாக்கத்தில் பள்ளி சென்ற குகேஷும் இதற்குக் காரணம்.

இம்மூவரும் சிறு வயதில் எவ்வாறு மதிப்பிடப்பட்டனர், அந்த மதிப்பீடுகள் எந்த அளவுக்குச் சரியாக இருந்தன, எங்கே தவறின என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. இது வெறும் ஆர்வத்துக்கான கேள்வி அன்று. பத்து வயதுப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து விலக்கி முழுநேர ஆட்டக்காரராக்கலாமா என்று முடிவெடுக்க வேண்டிய நிலையில் இன்று பல குடும்பங்கள் உள்ளன.

தொடக்கக் காலம்

இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் மானுவல் ஆரோன். தமிழ்நாட்டைச் சேர்ந்த இவர் 1961-இல் அப்பட்டத்தைப் பெற்றார். சென்னையில் சோவியத் பண்பாட்டு மையத்தில் 1972-இல் தொடங்கப்பட்ட மிகையில் தால் சதுரங்கக் கழகத்திலும் அவர் பங்கு முதன்மையானது. அக்காலத்தில் திறன் கணிப்பு என்று தனியாக எதுவும் இல்லை. கழகத்துக்கு வரும் சிறுவன் பெரியவர்களுடன் ஆடுவான். வென்றால் மேசையில் தொடர்வான், தோற்றால் எழுந்து அடுத்தவருக்கு இடம் விடுவான். மேசையை விட்டு எழாமல் இருப்பவனே திறமைசாலி.

அந்தக் கழகத்தில் ஆடி வளர்ந்தவர்களுள் ஒருவர் விசுவநாதன் ஆனந்த். ஆறு வயதில் தாயிடம் ஆட்டத்தைக் கற்ற அவர், 1987-இல் உலக இளையோர் பட்டத்தை வென்று, 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அப்போது அவருக்கு வயது 18. இன்றைய அளவுகோலின்படி 18 என்பது காலம் கடந்த வயது. ஆயினும் அவர் ஐந்து முறை உலகப் பட்டத்தை வென்றார். இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வது நல்லது.

அளவுகோல்கள்: புள்ளியும் பட்டமும்

சதுரங்கத்தில் ஒருவரின் வலிமையைக் காட்டுவது தரப்புள்ளி. அமெரிக்காவில் வாழ்ந்த இயற்பியல் பேராசிரியர் ஆர்பாட் ஏலோ வகுத்த இம்முறையை உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே 1970-இல் ஏற்றது. இருவருக்கிடையே 200 புள்ளி வேறுபாடு இருந்தால், வலியவர் நான்கு ஆட்டங்களில் ஏறத்தாழ மூன்று புள்ளி எடுப்பார் என்று எதிர்பார்க்கலாம். வேறுபாடு 400 ஆனால் அந்த எதிர்பார்ப்பு பத்து ஆட்டங்களுக்கு ஒன்பது புள்ளிக்கு மேல் செல்லும். எதிர்பார்த்ததைவிட அதிகம் எடுத்தால் புள்ளி ஏறும், குறைந்தால் இறங்கும். கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற 2500 புள்ளியைத் தொட வேண்டும். அத்துடன் வலுவான போட்டிகளில் மூன்று முறை குறித்த தரத்தை எட்டிக் காட்ட வேண்டும். இதை 'நார்ம்' என்பர்.

பனி ஹாக்கியில் ஒரு சிறுவனைத் தேர்ந்தெடுக்க அவன் ஆட்டத்தை நேரில் காணும் தேர்வாளர் தேவை. சதுரங்கத்தில் அத்தகைய இடைநிலையாளர் இல்லை. நுழைவுக் கட்டணம் செலுத்தி யாரும் பொதுப்போட்டியில் ஆடலாம், புள்ளிப் பட்டியலும் எல்லோருக்கும் தெரியும்படி மாதந்தோறும் வெளியாகிறது. ஆகவே இங்கே கணிப்பு எளிது என்று தோன்றும். உண்மையில் அப்படி இல்லை. தரப்புள்ளி ஒருவர் இதுவரை ஆடியதைச் சொல்கிறது, இனி ஆடப்போவதைச் சொல்வதில்லை.

சிறுவர்களிடம் இக்குறை இன்னும் தெளிவாகத் தெரியும். 18 வயதுக்கு உட்பட்டு 2300-க்குக் கீழே உள்ளவர்களுக்குப் புள்ளி மாற்றத்தின் பெருக்கெண் 40. அதே நிலையில் உள்ள பெரியவர்களுக்குப் பொதுவாக 20. சிறுவர்கள் வேகமாக வளர்வதால் புள்ளியும் வேகமாக நகரட்டும் என்பதே நோக்கம். அப்படியும் பல சிறுவர்களின் உண்மையான வலிமைக்குப் பின்னால்தான் அவர்களின் புள்ளி ஓடிவருகிறது. கொரோனாக் காலத்தில் நேரடிப் போட்டிகள் நின்றபோது இந்த இடைவெளி பெருகியது. வீட்டிலிருந்தே இணையத்தில் ஆடி வளர்ந்த பிள்ளைகள் பழைய புள்ளியுடன் மீண்டும் மேசைக்கு வந்தனர். அவர்களிடம் தோற்ற பெரியவர்கள் திகைத்துப் போயினர்.

வயதுச் சாதனைகளின் பின்னே ஓட்டம்

கிராண்ட்மாஸ்டர் பட்டத்தை எந்த வயதில் பெறுகிறார் என்பதே வருங்காலத்துக்கான அறிகுறி என்ற எண்ணம் பரவலாக உள்ளது. சாதனை வயது குறைந்துகொண்டே வந்ததைக் கீழே காணலாம்.

1955: போரிஸ் ஸ்பாஸ்கி, 18 வயது
1958: பாபி ஃபிஷர், 15 வயது
1991: ஜூடித் போல்கார், 15 வயது (ஃபிஷரைவிடச் சில வாரங்கள் முன்னதாக)
1994: பீட்டர் லேகோ, 14 வயது
2002: செர்கெய் கர்ஜாகின், 12 ஆண்டு 7 மாதம்
2021: அபிமன்யு மிஸ்ரா, 12 ஆண்டு 4 மாதம்

இப்பட்டியலில் இடையிடையே வேறு பெயர்களும் உண்டு. முதன்மையானவை மட்டும் தரப்பட்டுள்ளன. இவர்களுள் ஸ்பாஸ்கியும் ஃபிஷரும் உலகச் சாம்பியன் ஆயினர். லேகோவும் கர்ஜாகினும் உலகப் பட்டத்துக்கான ஆட்டம் வரை சென்று வெல்லாமல் திரும்பினர். மறுபுறம், 13 வயதில் பட்டம் பெற்று இப்பட்டியலில் சேராத மாக்னஸ் கார்ல்சன் பத்து ஆண்டுகள் உலகச் சாம்பியனாக இருந்தார். 2023-இல் உலகச் சாம்பியனான டிங் லிரன் கிராண்ட்மாஸ்டர் ஆனபோது அவருக்கு 16 வயது. எனவே இளம் வயதுப் பட்டம் மேலே செல்லும் வாய்ப்பைக் காட்டுகிறது, உச்சியை அடைவதற்கு உறுதி தருவதில்லை.

பாடியின் உடன்பிறப்புகள்

பாடி தொழிற்சாலைகளும் பழைய சிவன் கோயிலும் உள்ள புறநகர்ப் பகுதி. இங்கே ஒரு நடுத்தரக் குடும்பத்தில் வைஷாலி 2001 ஜூன் மாதத்திலும், பிரக்ஞானந்தா 2005 ஆகஸ்ட் மாதத்திலும் பிறந்தனர். தந்தை ரமேஷ்பாபு கூட்டுறவு வங்கி ஊழியர். மகள் தொலைக்காட்சியே கதியாக இருப்பதைக் குறைக்கவே பெற்றோர் அவரைச் சதுரங்க வகுப்பில் சேர்த்தனர். அக்கா ஆடுவதைப் பார்த்துத் தம்பியும் பலகையின் அருகே வந்து உட்கார்ந்தார். இங்கே தொடக்கத்தில் யாரும் எதையும் கணிக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

வைஷாலி 2012-இல் 12 வயதுக்கு உட்பட்ட சிறுமியர் உலகப் பட்டத்தை வென்றார். பிரக்ஞானந்தா 2013-இல் 8 வயதுக்கு உட்பட்டோர் பட்டத்தையும், 2015-இல் 10 வயதுக்கு உட்பட்டோர் பட்டத்தையும் வென்று, 2016-இல் பத்து வயதில் சர்வதேச மாஸ்டர் ஆனார். அவ்வயதில் அப்பட்டத்தை அதற்குமுன் யாரும் பெற்றதில்லை.

அதன்பின் எல்லோர் பார்வையும் ஒரே எண்ணின் மீது விழுந்தது. கர்ஜாகினின் சாதனையை முறியடிக்க அவருக்கு 2018 மார்ச் வரை காலம் இருந்தது. அந்த நாள் கடந்தும் பட்டம் கிடைக்கவில்லை. 2018 ஜூன் மாதத்தில் இத்தாலியில் நடந்த போட்டியில், 12 ஆண்டு 10 மாதம் 13 நாள் வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அன்றைய நிலையில் உலகில் இரண்டாவது இளையவர். சாதனை தவறிவிட்டதே என்று எழுதியவர்கள் இருந்தார்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து, 2023-இல் பாகு நகரில் நடந்த உலகக் கோப்பையில் நகமுரா, கருவானா ஆகியோரை வென்று இறுதி ஆட்டத்தில் கார்ல்சனை எதிர்கொண்டார் அதே பிள்ளை. மூன்று மாதத் தாமதத்துக்கு ஒரு பொருளும் இல்லை என்பது அப்போது விளங்கியது.

வைஷாலியின் கதை இதைவிடப் பயனுள்ள பாடம். தம்பி கிராண்ட்மாஸ்டர் ஆன 2018-இல் அக்கா மகளிர் கிராண்ட்மாஸ்டர் நிலையில் இருந்தார். தம்பியின் வேகத்தோடு ஒப்பிட்டிருந்தால் அவர் பின்தங்கியவராகத் தெரிந்திருப்பார். 2023 நவம்பரில் மகளிர் கிராண்ட் சுவிஸ் போட்டியை வென்ற அவர், டிசம்பரில் 2500 புள்ளியைத் தாண்டினார். கோனேரு ஹம்பி, ஹரிகா ஆகியோருக்குப் பின் கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெறும் மூன்றாவது இந்தியப் பெண் அவர். உலகில் அக்காவும் தம்பியும் கிராண்ட்மாஸ்டர் ஆனது இதுவே முதல்முறை. 2024-இல் டொராண்டோவில் நடந்த மகளிர் கேண்டிடேட்ஸ் போட்டியில் அடுத்தடுத்து நான்கு ஆட்டங்களில் தோற்றார். பிறகு கடைசி ஐந்து ஆட்டங்களையும் வென்று இரண்டாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார். நான்காவது தோல்விக்குப் பின் மனம் எங்கே நிற்கும் என்பதை எந்தப் புள்ளிப் பட்டியலும் முன்கூட்டிச் சொல்லாது.

மேல் அயனம்பாக்கத்தின் மாணவர்

குகேஷ் 2006 மே மாதத்தில் பிறந்தவர். தந்தை காது மூக்கு தொண்டை மருத்துவர், தாய் நுண்ணுயிரியல் வல்லுநர். 2013-இல் ஏழு வயதில் பள்ளியில் வாரம் மூன்று நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் சதுரங்கம் கற்கத் தொடங்கினார். அவ்வாண்டின் இறுதியில்தான் ஆனந்த், கார்ல்சன் இருவருக்கும் இடையிலான உலகப் பட்ட ஆட்டம் சென்னையில் நடந்தது. நான்காம் வகுப்புக்குப் பிறகு அவர் முழுநேரப் பள்ளியைக் கைவிட்டார். போட்டிகளுக்கு உடன் செல்வதற்காகத் தந்தை தம் மருத்துவப் பணியைக் குறைத்துக்கொண்டார்.

2019 ஜனவரி 15 அன்று தில்லியில் அவர் கிராண்ட்மாஸ்டர் ஆனபோது வயது 12 ஆண்டு 7 மாதம் 17 நாள். கர்ஜாகினின் சாதனை 17 நாளில் தவறியது. 2024 ஏப்ரலில் கேண்டிடேட்ஸ் போட்டியை வென்று, அதே ஆண்டு டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரனை 7.5-6.5 என்று வென்று 18 வயதில் உலகச் சாம்பியன் ஆனார். அதற்குமுன் அந்த இளமைச் சாதனை 1985-இல் 22 வயதில் வென்ற காஸ்பரோவுடையது.

பயிற்சியாளர்கள் பார்ப்பது என்ன?

பிரக்ஞானந்தா, வைஷாலி ஆகியோரின் பயிற்சியாளர் ஆர்.பி. ரமேஷ் தாமே கிராண்ட்மாஸ்டர். நிறுவன வேலையை விட்டுவிட்டு, 1999-இல் 18 வயதுக்கு உட்பட்ட பெண்கள் உலகப் பட்டத்தை வென்ற தம் மனைவி ஆர்த்தி ராமசாமியுடன் 2008-இல் செஸ் குருகுலத்தைத் தொடங்கினார். காயைத் தொடாமல், மனத்துக்குள்ளேயே நீண்ட வரிசைகளைக் கணக்கிடும் பயிற்சிக்கு அவர் முதன்மை தருகிறார். குகேஷின் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா வேறொரு வழியை எடுத்தார். தொடக்க ஆண்டுகளில் மாணவரைக் கணினி இயந்திரத்தின் துணையின்றியே ஆராயச் செய்தார். விடையைத் திரையில் பார்க்கும் பழக்கம் வருமுன் தானே தேடும் பழக்கம் வரவேண்டும் என்பது இதன் உட்பொருள்.

இவ்வழிகளிலிருந்து நாம் தொகுத்துக்கொள்ளக்கூடிய அடையாளங்கள் மூன்று. முதலாவது, கடினமான நிலையில் எவ்வளவு நேரம் கலையாமல் உட்கார்ந்து சிந்திக்கிறார் என்பது. இரண்டாவது, தோற்ற ஆட்டத்தைத் தாமே திரும்ப எடுத்துப் பார்க்கிறாரா, அல்லது பலகையை மூடிவைத்துவிடுகிறாரா என்பது. மூன்றாவது, தோல்விக்குப் பின் வரும் அடுத்த ஆட்டம் எப்படி இருக்கிறது என்பது. 2024 கேண்டிடேட்ஸ் போட்டியின் ஏழாம் சுற்றில் ஃபிரூசாவிடம் தோற்ற குகேஷ், அதற்குப் பிறகு ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. அத்தோல்வியே தமக்கு ஊக்கம் தந்ததாக அவரே பின்னர் கூறினார். இம்மூன்றும் கோப்பைகளின் எண்ணிக்கையில் தெரிவதில்லை. அருகிலிருந்து ஆண்டுக்கணக்கில் பார்ப்பவருக்கே தெரியும்.

பனி ஹாக்கி தரும் எச்சரிக்கை

வட அமெரிக்கத் தேசிய ஹாக்கி லீக் 1963 முதல் இளம் வீரர்களை வரிசைப்படுத்தித் தேர்ந்தெடுக்கிறது. இன்று இதற்கென ஊர் ஊராகச் செல்லும் தேர்வாளர்கள், காணொளி, உடற்தகுதிச் சோதனை எல்லாம் உண்டு. அப்படியும் 1993-இல் முதலாவதாக எடுக்கப்பட்ட அலெக்சாந்தர் டெய்க்ல் எதிர்பார்த்த உயரத்தை எட்டவில்லை. 1999-இல் 210-ஆவதாக எடுக்கப்பட்ட சுவீடன் வீரர் ஹென்ரிக் செட்டர்பெரி, 2008 இறுதிக் கட்டப் போட்டிகளின் மிகச் சிறந்த வீரர் விருதைப் பெற்றார்.

இன்னொரு பாடமும் அங்கிருந்து வந்தது. கனடாவைச் சேர்ந்த உளவியலாளர் ராஜர் பார்ன்ஸ்லி 1985-இல் தம் குழுவினருடன் வெளியிட்ட ஆய்வில், சிறந்த ஹாக்கி வீரர்களுள் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் கடைசி மாதங்களில் பிறந்தவர்களைவிட மிக அதிகம் என்று காட்டினார். வயதுப் பிரிவின் எல்லை ஜனவரி 1. ஜனவரியில் பிறந்த பிள்ளை டிசம்பரில் பிறந்த பிள்ளையைவிட ஏறத்தாழ ஓராண்டு மூத்தது, உடலிலும் பெரியது. தேர்வாளர்கள் அந்த முதிர்ச்சியையே திறமை என்று எடுத்துக்கொண்டார்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவருக்கு நல்ல பயிற்சி கிடைத்தது, அதனால் அவர் மேலும் வளர்ந்தார். கணிப்பு தன்னைத்தானே மெய்யாக்கிக்கொண்டது.

சதுரங்கத்தின் உலக இளையோர் போட்டிகளிலும் வயது எல்லை ஜனவரி 1-ஐக் கொண்டே வகுக்கப்படுகிறது. எட்டு வயதுக் குழந்தைகளிடையே பதினோரு மாத வேறுபாடு சிறியது அன்று. தொடக்க வகுப்பு ஆசிரியர் எவருக்கும் இது தெரியும். ஒன்றாம் வகுப்பில் பிந்தியிருக்கும் பிள்ளை பல நேரங்களில் அந்த வகுப்பில் வயதில் இளைய பிள்ளையாகவே இருக்கும்.

பட்டியலில் இல்லாதவர்கள்

வெற்றி பெற்றவர்களை மட்டும் வைத்துக் கணிப்பைப் பேசினால் பாதி உண்மையே கிடைக்கும். நாகர்கோவிலைச் சேர்ந்த ஷ்யாம் நிகில் 2012-இலேயே 2500 புள்ளியையும் இரண்டு நார்ம்களையும் பெற்றிருந்தார். மூன்றாவது நார்முக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்தார். 2024-இல் துபாயில் அது கிடைத்து இந்தியாவின் 85-ஆவது கிராண்ட்மாஸ்டர் ஆனபோது அவருக்கு 31 வயது. மதுரையில் பிறந்த அரவிந்த் சிதம்பரம், 2013-இல் 14 வயதில் சென்னையில் நடந்த கிராண்ட்மாஸ்டர் போட்டியையே வென்று வியக்கவைத்தார். பிறகு அவரைவிட இளையவர்கள் முன்னே சென்றனர். அவர் பேச்சு குறைந்தது. 2024-இல் சென்னை கிராண்ட் மாஸ்டர்ஸ் போட்டியையும் 2025-இல் பிராக் மாஸ்டர்ஸ் போட்டியையும் வென்று மீண்டும் வந்தார். இடைப்பட்ட ஆண்டுகளில் ஏதேனும் ஒரு நாளில் கணிப்பு முடித்து ஏட்டை மூடியிருந்தால் இவ்விருவரும் தவறாகவே எழுதப்பட்டிருப்பர்.

இவர்களாவது பின்னர் வந்து சேர்ந்தார்கள். வந்து சேராதவர்கள் பெரும்பாலோர். நார்ம் பெற வெளிநாட்டு வீரர்கள் ஆடும் போட்டிகள் வேண்டும். அதற்குப் பயணம், தங்குமிடம், பயிற்சிக் கட்டணம் என்று செலவு ஏறிக்கொண்டே போகும். ஆக, திறமையுள்ள பிள்ளைக்கும் பட்டத்துக்கும் நடுவே பெற்றோரின் வருவாய் ஒரு வடிகட்டியாக நிற்கிறது. பணம் தீர்ந்து விலகிய பிள்ளையைத் திறமை இல்லாதவர் என்று பின்னாளில் பதிவு செய்வது அநியாயம்.

பள்ளி, நிதி, அடுத்த கட்டம்

மேற்குப் புறநகரின் வெற்றிக்கு ஓர் அமைப்புக் காரணமும் உண்டு. இம்மூவரும் வேலம்மாள் பள்ளிக் குழுமத்தின் மாணவர்கள். போட்டிக்காக நாட்கணக்கில் வெளியூர் செல்லும் மாணவருக்கு வருகைப் பதிவிலும் தேர்விலும் நெகிழ்வு காட்டும் பள்ளி இருந்தால், படிப்பா ஆட்டமா என்ற கேள்வியின் கூர்மை குறைகிறது. அடுத்த கட்டமாக, 2020 இறுதியில் ஆனந்தின் வழிகாட்டலில் வெஸ்ட்பிரிட்ஜ் ஆனந்த் சதுரங்கக் கல்விக்கழகம் தொடங்கியது. அதன் முதல் அணியிலேயே குகேஷ், பிரக்ஞானந்தா, வைஷாலி மூவரும் இருந்தனர். ஒரே ஒருவர்மீது எல்லாவற்றையும் பந்தயம் கட்டாமல் பல இளைஞர்களை ஒன்றாக வளர்த்த முறை இது.

பெற்றோரும் ஆசிரியரும் கொள்ளத்தக்கவை

இவ்வரலாற்றிலிருந்து பெறும் முடிவுகளைச் சுருக்கமாகக் கூறலாம். எட்டு வயதுக் கோப்பையை வருங்காலச் சான்றாகக் கொள்ளலாகாது. ஒரு நாளின் புள்ளியைவிட மூன்று ஆண்டுகளின் போக்கே நம்பத்தக்கது. அக்காவையும் தம்பியையும், பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் ஒரே நாட்காட்டியில் வைத்து அளக்கக் கூடாது. பள்ளியைவிட்டு விலகும் முடிவை எடுக்கும் குடும்பம், திரும்பி வரும் வழியையும் திறந்தே வைத்திருக்க வேண்டும். குகேஷின் குடும்பம் எடுத்த முடிவு அவருக்குப் பலித்தது என்பதால் அது எல்லோருக்கும் பலிக்கும் என்று பொருளாகாது. பலிக்காத வீடுகளின் கதை செய்தித்தாளில் வருவதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, கணிப்பு என்பது பிள்ளைக்கு வாய்ப்பைத் திறப்பதற்கான கருவியாக இருக்க வேண்டும், கதவைச் சாத்துவதற்கான தீர்ப்பாக அமையக் கூடாது. தொலைக்காட்சியைக் குறைக்கச் சேர்க்கப்பட்ட ஒரு சிறுமியும், அவர் அருகே வந்து உட்கார்ந்த தம்பியும் யாருடைய கணிப்பிலும் இல்லாமலே பலகைக்கு வந்தவர்கள். இன்று அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பள்ளிகளில் மாலை வகுப்பில் காய்களை அடுக்கும் பிள்ளைகளுக்கும் அந்த இடம் கிடைக்க வேண்டும். அவர்களில் பெரும்பாலோர் கிராண்ட்மாஸ்டர் ஆகமாட்டார்கள். பொறுமையாகச் சிந்திக்கவும், தோற்றபின் கைகுலுக்கி எழவும் கற்றுக்கொண்டால் அதுவும் கல்வியே.